காற்று வாங்கப் போகும் பைகள்

தொழிற்சாலையில் சைரன் ஊத இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அவர் தீயணைக்கும் சிவப்பு உருளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார். டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல இரண்டு விரலால் ஒரு தட்டு. பிறகு குனிந்து, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, உருளையின் கழுத்தில் தொங்கும் தேதிச் சீட்டைப் படிக்கிறார். மொத்தம் ஏழு உருளைகள். ஐந்து நல்லபடியாக இருக்கின்றன. ஆறாவதில் தேதி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. ஏழாவதில் உள்ளே எல்லாம் இருக்கிறது, தேதி முடிந்துவிட்டது. ஆறாவதன் சீட்டைக் கழற்றி ஏழாவதில் மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர் செய்ய மாட்டார். "என் கை பொய் எழுதினதும் இல்ல, பொய் மாட்டினதும் இல்ல" என்பார். அதனால் இரண்டையும் ஒரே மூலையில் நெருக்கமாக வைத்துவிட்டார். பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, சுவர் அறிவிப்புகளை நேராக்குவது. 'அவசர வழி' என்ற பலகைக்குக் கீழே எந்நேரமும் ஒரு பெரிய காகிதச் சுருள் நின்றுகொண்டிருக்கும். ஆளைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்வார். அவன் நகர்த்திவிட்டுப் போனதும் வேறொருவன் அடுத்த சுருளை உருட்டிக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்துவான். மறுபடி கூப்பிடுவார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை இது நடக்கும். யாரையும் திட்ட மாட்டார். நகர்த்தியதற்கும் வைத்ததற்கும் நடுவே வழி திறந்திருந்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்வார். 'அவசர வழி தினமும் திறந்துவைக்கப்படுகிறதா?' என்று கேட்டால் நெஞ்சில் கை வைத்து 'ஆம்' என்று எழுதலாம் அல்லவா?

தொழிற்சாலை காகிதப் பை செய்வது. கடல் தாண்டிய கடைகளில் துணிமணி வாங்குகிறவர்களுக்கு அதில் போட்டுக் கொடுப்பார்கள். பையின் நெற்றியில் அவர்கள் மொழியில், பச்சை எழுத்தில், 'பூமிக்கு நான் பாரம் இல்லை' என்று அச்சாகியிருக்கும். நம்மாளின் அறைக் கதவில் 'நிலைத்தன்மை அதிகாரி' என்று பலகை தொங்குகிறது. நிலைத்தன்மை என்றால் என்ன என்று கேட்டால், காடு, ஆறு, காற்று, மனிதர்கள் எல்லாம் நீடித்து நிலைக்கும்படி சரக்கு வாங்கி, சரக்கு செய்து, சரக்கு அனுப்புவது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அவருடைய வேலை மட்டும் வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டிய தற்காலிக வேலை.

முன்பு அவர் வருகைப் பதிவேடு எழுதும் குமாஸ்தா. வெளிநாட்டுக் கடையிலிருந்து முதல் கேள்வித்தாள் வந்தபோது, அதைத் தூங்கிவிடாமல் கடைசிவரை படிக்கக்கூடிய ஆள் யார் என்று முதலாளி தேடினார். மேனேஜர் பன்னிரண்டாம் கேள்வியில் கொட்டாவி விட்டார். கணக்கர் முப்பதில் எழுந்து போனார். இவர் இருநூற்றுப் பதினான்கையும் படித்துவிட்டு, "இருபத்தேழுலயும் நூத்தி மூணுலயும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்காங்க" என்றார். அன்றே பதவி கிடைத்தது. முதலாளிக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால் இவர் 'அண்ணே'. கோபம் வந்தால் 'யோவ்'. காலையில் எது காதில் விழுகிறது என்பதை வைத்து அன்றைய நாள் எப்படி என்று சொல்லிவிடுவார்.

கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டங்கள் உண்டு: ஆம், இல்லை, பொருந்தாது. இந்த மூன்றையும் கரைத்துக் குடித்தவர் அவர். 'கழிவுநீரை ஆற்றில் விடுகிறீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினார். மேனேஜருக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஆறு எங்க சார் இருக்கு? அது வத்தி எட்டு வருஷம் ஆச்சு. நாம விடுறது மணல்ல. மணல்ல விடுறீங்களான்னு அவங்க கேக்கலையே" என்றார். 'சூரிய ஒளியில் இயங்கும் கருவி உண்டா?' ஆம். முதலாளியின் மேஜைமேல் கால்குலேட்டர் இருக்கிறது. 'ஊழியர்கள் குறை சொல்ல வழி உண்டா?' ஆம். முதலாளியின் அறை வாசலுக்கு நேரெதிரே, அவர் கண்ணில் படும்படி, ஒரு பெட்டி தொங்குகிறது. மாட்டிய நாளிலிருந்து அதில் ஒரே ஒரு சீட்டு விழுந்திருக்கிறது: 'பெட்டியை வேறு இடத்தில் மாட்டவும்.' அது பரிசீலனையில் இருக்கிறது என்று வருடா வருடம் எழுதி அனுப்புகிறார்.

ஆனாலும் அவருக்கு உயிர் மூன்றாவது கட்டம்தான். "இல்லைன்னு எழுதினா பொய்யாயிடும். ஆம்னு எழுதினா வம்பாயிடும். பொருந்தாதுன்னு எழுதிட்டா கேட்டவனும் கேட்ட மாதிரி, சொன்னவனும் சொன்ன மாதிரி" என்று புதிதாகச் சேர்ந்த எழுத்தர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். தொழிற்சங்கத்தைப் பற்றிய பதினொரு கேள்விகளுக்கும் பொருந்தாது. பிரசவ விடுப்பைப் பற்றி, பொருந்தாது. பசை எங்கிருந்து வருகிறது, அந்தப் பசைக்காரனுக்குப் பசை கொடுப்பவன் யார், பொருந்தாது, பொருந்தாது. வாட்ச்மேனிலிருந்து மெஷின்காரர்கள்வரை அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் அதுதான். "ஏய், பொருந்தாது வர்றாரு, சுருளை நகத்து" என்று குரல் கேட்கும். அவருக்குத் தெரியும். கேட்டும் கேளாததுபோல வருவார்.

பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டிக்கொடுத்த மகள் போன் செய்வாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆம்."

"மாத்திரை போட்டீங்களா?"

"இல்லை."

"அம்மாகூட மறுபடியும் சண்டையா?"

"பொருந்தாது."

மகள் சிரித்துவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள். அங்கிருந்து விவரமாகத் தெரிந்துகொள்வாள்.

அவர் மனைவியும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தாள், ஆறு வருடம் முன்புவரை. பைக்குக் கைப்பிடிக் கயிறு கோர்க்கும் பகுதி. முப்பத்துநான்கு பெண்கள் பாய் விரித்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பையை மடியில் கவிழ்த்து, இரண்டு துளையில் கயிறு விட்டு உள்ளே முடிச்சுப் போடுவார்கள். அப்போது கேள்வித்தாளில் புதிதாக ஒரு கேள்வி முளைத்தது: 'ஊழியர்கள் தரையில் அமர்ந்து வேலை செய்கிறார்களா?' இவர் நல்ல மனதோடுதான் முதலாளியிடம் போனார். மேஜையும் நாற்காலியும் போட்டுவிட்டால் பெண்களுக்கு முதுகு வலியும் குறையும், பதிலும் சுத்தமாக இருக்கும் என்றார்.

முதலாளி கேள்வியை இரண்டு தரம் படித்தார். "தரையில உக்காரக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? நாற்காலியில உக்காரணும்னு எங்கண்ணே போட்டிருக்கு?" என்றார்.

படிக்கத் தெரிந்த ஆள் தான் ஒருவர்தான் என்று அதுவரை இவர் நினைத்துக்கொண்டிருந்தார். மறுவாரம் பாய்களைச் சுருட்டினார்கள். முப்பத்துநான்கு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே பைகளும் வீட்டுக்குப் போயின. தரையில் அமர்ந்து வேலை செய்கிறார்களா? இல்லை. அது மெய். வெளிநாட்டுக் கடையிலிருந்து 'ஊழியர் நலனில் சிறந்த முன்னேற்றம்' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் வந்தது. அன்று இரவு மனைவி சொன்னது இவ்வளவுதான்: "ஒரு கேள்விக்கு முப்பத்துநாலு பேரை எழுப்பி விட்டுட்டீங்களே." அந்த வாக்கியம் இன்றுவரை அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

பைகள் வெளியே போகின்றன என்றால் கேட் பதிவேட்டில் ஏதாவது காரணம் எழுத வேண்டும். வீட்டுக்குப் போகிறது என்று எழுத முடியாது. வீட்டில் வேலை செய்யக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. பொய்யும் எழுதக் கூடாது. இரண்டு நாள் யோசித்தார். புதுப் பையில் பசை வாடை அடிக்கும். வண்டியில் திறந்தபடி போகும்போது அந்த வாடை போய்விடும். அது மெய்தானே? அப்படித்தான் 'வெளியே செல்லும் காரணம்' என்ற இடத்தில் 'காற்று வாங்க' என்று எழுத ஆரம்பித்தார். ஆறு வருடமாகத் தினமும் மூவாயிரம் பைகள் மூன்றுசக்கர வண்டியில் ஏறிக் காற்று வாங்கப் போகின்றன. கையில்லாமல் போகிறவை கையோடு திரும்புகின்றன. கேள்வித்தாளில் 'பொருளின் எந்தப் பகுதியாவது வீடுகளில் செய்யப்படுகிறதா?' என்ற எண்பத்தெட்டாம் கேள்விக்கு, ஆறு வருடமும், பொருந்தாது.

வண்டி முதலில் நிற்பது அவர் வீட்டு வாசலில்தான். மனைவிதான் கட்டுகளைப் பிரித்து மற்ற முப்பத்துமூன்று வீடுகளுக்கும் பங்கிடுவாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனை விட்டு நகர முடியாதவளுக்குச் சிறிய கட்டு. கைக்குழந்தைக்காரிக்கு மதியத்துக்குமேல் ஒரு கட்டு. யாருக்கு எவ்வளவு என்பது அவள் தலைக்குள் இருக்கும். அந்தத் தெருவில் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. போன வருடம் மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டபோது புருஷனிடம் கேட்கவில்லை, கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்து காட்டினாள். அவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது, வாசலிலேயே கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். "இது இருந்தா ஆபீசர். கழட்டினா புருஷன்." உள்ளே அறை முழுக்கப் பைகள் குவிந்திருக்கும். ஆபீசர் பார்த்தால் விதிமீறல். புருஷன் எதையும் பார்க்க வேண்டியதில்லை. நாற்காலியின்மேல் கட்டு இருந்தால் "இதைக் கொஞ்சம் நகத்து" என்பார். எதை என்று சொல்ல மாட்டார். மனைவியும் கேட்காமல் நகர்த்துவாள். இப்படி ஆறு வருடம் ஒரே அறையில் பைகளோடு குடித்தனம் செய்தும், அவற்றை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு ஒரு பெண் வந்தாள். வெளிநாட்டுக் கடைக்காக ஆய்வு செய்யும் ஏஜென்சி அனுப்பிய ஆள். முதுகில் பை, கையில் தொடுதிரை டேப், வெயிலில் வண்டி ஓட்டி வந்து கறுத்த முகம். மகள் வயதுதான் இருக்கும். முந்தைய ஆய்வாளர்கள் வந்தவுடன் ஏசி எங்கே என்று பார்ப்பார்கள். இவள் கழிப்பறை எங்கே என்று கேட்டு, அங்கே தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் பேப்பர் இல்ல சார். எல்லாம் டேப்லதான். நான் படிக்கிறேன், நீங்க அமுக்குங்க. அமுக்கினாத்தான் அடுத்த பேஜுக்குப் போகும்."

முதல் கேள்வி வந்தது. அவர் கண்ணாடியை மேலே தள்ளினார். கீழே இறக்கினார். டேப்பைச் சாய்த்துப் பார்த்தார்.

"மூணாவது எங்கம்மா?"

"எது சார்?"

"பொருந்தாது."

"அதை எடுத்துட்டாங்க சார்."

"எடுத்துட்டாங்களா? யாரு?"

"மேல. எல்லாரும் அதையே அமுக்குறாங்களாம். போன வருஷம் உங்க பேக்டரியில மட்டும் நூத்தி இருபத்தாறு தடவை."

அவர் முகத்தில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. உடனே போய்விட்டது. உட்கார்ந்திருப்பவனின் முக்காலியிலிருந்து ஒரு காலை உருவிவிட்டது போல ஆகிவிட்டது அவர் நிலை. பசைக்காரனுக்குத் திணறினார். பிரசவ விடுப்புக்கு வியர்த்தார். சங்கம் பற்றிய பதினொரு கேள்விகளுக்கும் சேர்த்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். முதலாளி இரண்டு முறை கதவைத் திறந்து தலையை நீட்டி, "அண்ணே, எல்லாம் நல்லாப் போகுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலையிலேயே அவர் சொல்லியிருந்தார்: "எண்பத்தெட்டு வந்தா 'இல்லை'ன்னு ஒரு அமுக்கு அமுக்கிடுங்கண்ணே. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

எண்பத்தெட்டு வந்தது.

"பொருளின் எந்தப் பகுதியாவது வீடுகளில் செய்யப்படுகிறதா?"

அவர் விரலை நீட்டினார், மடக்கினார். "வீடுன்னா என்னம்மா? இதுல அதுக்கு விளக்கம் ஏதாவது இருக்கா?"

"ஆளுங்க தங்கித் தூங்குற இடம் சார்."

"எங்க வாட்ச்மேன்கூட கேட்லதான் தூங்குறாரு."

அவள் சிரித்தாள். ஆனால் கேள்வியை விடவில்லை. பக்கத்தில் கிடந்த கேட் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். "பையெல்லாம் எதுக்கு சார் இப்படிக் காத்து வாங்குது? தினமும் மூவாயிரம் பை. நான்கூட இவ்வளவு காத்து வாங்கினதில்ல."

"பசை வாடைம்மா."

"சரி. அந்தக் காத்து வாங்குற இடத்தைப் பாக்கலாமா?"

மூன்றாவது கட்டம் இருந்திருந்தால் அதற்கும் ஒரு பதில் இருந்திருக்கும். அவர் எழுந்தார். கேட்டைத் தாண்டி இரண்டு சந்து திரும்பினார்கள். பிறகு கேட்டார்:

"ஆம்னு போட்டா என்னம்மா ஆகும்?"

"முப்பது நாள் டைம் தருவாங்க. அதுக்குள்ள வீட்டு வேலையை நிறுத்திடணும். இல்லன்னா அவங்களை பேக்டரிக்குள்ள கூப்பிட்டு, மேஜை நாற்காலி போட்டு வேலை கொடுக்கணும்."

"ரெண்டுல எதைன்னு போட்டிருக்கா?"

"எதைச் செஞ்சாலும் பச்சை டிக் விழும் சார்."

இரண்டில் எதை முதலாளி செய்வார் என்று அவருக்குத் தெரியாதா? கைப்பிடி கோர்க்கிற பழைய மெஷின் ஒன்றை எங்கோ விலை பேசிவைத்திருப்பதுகூட அவர் காதுக்கு வந்தாயிற்று. ஆம் என்று அமுக்கினால், ஒருமுறை தரையிலிருந்து எழுப்பி விட்ட அதே முப்பத்துநான்கு பேரை இப்போது வீட்டிலிருந்தும் எழுப்பி விட்டதாகும். இல்லை என்று அமுக்கினால், இத்தனை வருடம் பொய் எழுதாத கை என்று சொல்லிக்கொண்டிருந்தது போய்விடும். நடந்துகொண்டே வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

வேறு வீட்டுக் கதவைத் தட்டி யாரையும் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். அட்டையைக் கழற்ற மறந்து, கழுத்தில் ஆட ஆட, முதல் முறையாக ஆபீசராகவே வீட்டுக்குள் நுழைந்தார்.

மனைவி கால் நீட்டி உட்கார்ந்து கோர்த்துக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில் புருஷன் வந்ததைப் பார்த்து, "என்னங்க, உடம்புக்கு ஏதாவது?" என்று எழப் பார்த்தாள். பின்னால் வந்த பெண் சட்டென்று அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரிக்காதீங்கக்கா. சும்மா பாக்க வந்தேன். இது என்ன முடிச்சு?"

"உள்முடிச்சும்மா. எவ்வளவு வெயிட் போட்டாலும் பிரியாது. ஆனா வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா பை திரும்பி வந்துடும்." ஒன்றை மெதுவாகப் போட்டுக் காட்டினாள். ஆய்வுக்கு வந்த பெண் முயன்று பார்த்தாள், கயிறு நழுவியது. "பழகினா வந்துடும்" என்று மனைவி தேற்றினாள்.

"எத்தனை வருஷமாக்கா?"

"பேக்டரியில ஒன்பது. வீட்டுல ஆறு."

"நாற்காலியில உக்காந்து செய்ய முடியாதாக்கா?"

"மேஜை இருந்தா முடியும். மடி இருக்கறதால மடியில செய்றோம்."

அந்தப் பெண் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. ஆம் என்றால் முப்பது நாள், பச்சை டிக், மேஜை நாற்காலி போடலாம், வேலையே நிற்கலாம். இல்லை என்றால் எல்லாம் இப்போதுபோலவே போகும். மனைவி கேட்டுக்கொண்டே இரண்டு பை முடித்துவிட்டாள்.

"மேஜை நாற்காலி போடச் சொல்லி நீயே எழுதிட முடியாதா?"

"என் கையில இல்லக்கா. நான் கேள்வி கேக்கறவ மட்டும்தான். நாற்காலி உண்டான்னு ஒருவேளை அடுத்த வருஷக் கேள்வியில வரும்."

அவர் இத்தனை நேரமும் வாசற்படியிலேயே நின்றிருந்தார். கேள்வித்தாள் சம்பந்தமாக அவர் வீட்டுக்குள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"நான் இல்லைன்னு அமுக்கிடறேன்" என்றார். "ஒரு பொய்தானே. இவ்வளவு நாள் சேத்து வெச்ச மெய்யில ஒண்ணு போனாப் போகட்டும். உங்க வேலை இருக்கட்டும்."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கயிற்றைக் கீழே வைத்தாள்.

"இத்தனை வருஷமா இந்தக் கேள்விக்கு என்னன்னு எழுதினீங்க?"

அவர் கழுத்தில் ஆடிய அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

"பொருந்தாது."

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரோரம் தலைவரை அடுக்கிய பைகள், கதவுக்குப் பின்னால் பைகள், அலமாரிமேல் பைகள்.

"பொருந்தாதா?" என்றாள். "காலு வைக்க இடமில்லாம நானும் இதுங்களும்தான் பொருந்திக் கெடக்கிறோம். இப்ப அதுவும் போயி, இல்லவே இல்லைன்னு அமுக்கப் போறீங்களா?"

"வேலை நின்னுடும்" என்றார் அவர்.

"நின்னா நிக்கட்டும். நாங்களும் நிப்போம், முப்பத்துநாலு பேரும், கேட்டுல. உள்ள பாயை விரிங்க, இல்ல நாற்காலியைப் போடுங்கன்னு கேக்கறோம். எங்களை முதலாளி என்ன காரணம் எழுதித் திருப்பி அனுப்பறாருன்னு பாக்கலாம். எனக்கு மட்டும் பயமில்லைன்னு நினைக்காதீங்க. அதுக்காக இருக்கறவ எப்படி இல்லைன்னு சொல்றது?" பிறகு டேப் பக்கம் திரும்பினாள். "இதை இவருதான் அமுக்கணுமாம்மா?"

"தொழிலாளியும் அமுக்கலாம்னு ஒரு இடம் இருக்குக்கா. இதுவரைக்கும் யாரும் அமுக்கினதில்ல."

"எங்க அமுக்கணும்? காட்டு."

அந்தப் பெண் டேப்பைத் திருப்பி நீட்டினாள். மனைவி வலது கைச் சுட்டுவிரலை 'ஆம்' மீது வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வைத்தாள். பதினைந்து வருடம் கயிறு இழுத்து இழுத்து, ரேகை தேய்ந்து, காய்ந்து வழுவழுத்துப் போன நுனி. டேப்பின் கண்ணாடி அதை விரலென்றே ஒப்புக்கொள்ளவில்லை. அழுத்திப் பார்த்தாள். டேப்தான் நழுவியது.

"நான் வேணா அமுக்கட்டுமாக்கா?"

"வேணாம்மா. நீ கேக்கறவ."

அவள் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொள்வதற்குள் அவர் வாசற்படியிலிருந்து வந்து, பைகளை விலக்கிவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டேப் ஆடாதபடி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.